கல்வெட்டுப் படம் எடுக்க எந்தக் கைபேசி? 200 மெகாபிக்சல் இருந்தால் போதுமா?

8 செப்டம்பர் 2024, ஞாயிறு இரவு

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. ரெட்மி நோட் 13 புரோ பிளஸில் 200 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. அறிமுக விலையே 31,999தான். இதை விட்டுவிட்டு 50 மெகாபிக்சல் கைபேசிக்கு எதற்காக அதிகம் கொடுக்க வேண்டும்?”

வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். அந்தக் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் அளவு ஏறத்தாழ 1/1.4 அங்குலம். அதில் இருபது கோடிப் புள்ளிகளை அடைத்திருப்பதால் ஒரு புள்ளியின் அகலம் 0.56 மைக்ரான்தான் வருகிறது. அவ்வளவு சிறிய புள்ளியில் விழும் ஒளி போதாது என்பதால், வழக்கமான முறையில் படமெடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் கைபேசி தருகிறது. 50 மெகாபிக்சல் கேமரா நான்கு புள்ளிகளைச் சேர்த்து அதே 12.5 மெகாபிக்சலைத் தருகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் எவ்வளவு விலகியிருந்தாலும் கைக்கு வரும் படங்கள் ஒரே அளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்வெட்டில் மை கிடையாது. குழிக்குள் விழும் நிழலைத்தான் நாம் எழுத்து என்று படிக்கிறோம். கைபேசியோ படத்தை நமக்குக் காட்டுவதற்கு முன்பே சொரசொரப்பை மழுப்பி, விளிம்புகளைக் கூர்மையாக்கி, நிழலை வெளுக்கச் செய்துவிடுகிறது. முகத்துக்கும் பூவுக்கும் அது அழகு சேர்க்கலாம்; கல்லுக்கு அது கேடு.

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கோயிலின் வடசுவரில், நிலத்தின் எல்லையைச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாங் கண்ணாற்று இத்தனையாஞ் சதிரம் என்று சோழர் காலக் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் நடைதான் அது. கண்ணாறு என்பது வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு கால், சதிரம் என்பது சதுரமாக அளந்த நிலத்துண்டு. அதில் கண்ணாற்றுக்கு முன்னால் உள்ள சொல் சிதைந்திருந்தது. முதல் எழுத்து ‘மு’ என்று என் படத்தில் தெளிவாகத் தெரிந்ததால், ‘முதற் கண்ணாற்று’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது ‘மு’தானா, ‘மூ’வா என்பது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு சிறிய வால்தான். அந்த வால் கல்லிலேயே இல்லையா, அல்லது என் கைபேசி மழுப்பிவிட்டதா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. ‘மூன்றாங் கண்ணாறு’ என்றால் அந்த நிலம் இரண்டு கண்ணாறு தள்ளிப் போய்விடும்.

ஆகவே மெகாபிக்சலைப் பற்றிக் கேட்பதற்கு முன், ரா கோப்பு (கைபேசி மெருகேற்றாத மூலப்படம்) கிடைக்குமா, எட்ட நின்று எடுக்கத் தனி ஜூம் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கைபேசியை நான் வாங்க மாட்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

நேற்று எழுதியதை இன்று படித்தால் ஏதோ எல்லாம் தீர்மானமானதுபோல் இருக்கிறது. உண்மையில் நானே புதிதாக ஒன்று வாங்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு காலை, இரவில் மென்பொருள் புதுப்பிப்பு ஏறி முடிந்த என் கைபேசியின் திரையில், மேலிருந்து கீழ்வரை மயிரிழை அளவில் பச்சைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. கைபேசி எங்கும் விழவில்லை, தண்ணீரிலும் நனையவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. சேவை மையத்தில் ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். மூன்று வாரம் கழித்துப் பாதி விலைக்குத் திரையை மாற்றித் தருவதாக அழைப்பு வந்தது. கோட்டோடு இருக்கும் அந்தக் கைபேசியை இப்போது அத்தை தொலைக்காட்சித் தொடர் பார்க்க வைத்திருக்கிறார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஓஎல்இடி திரைகளில் இந்தக் கோடு ஒரே நிறுவனத்தோடு நின்றுவிட்ட குறையும் இல்லை.

இதனால் என் பட்டியலில் ஒரு நிபந்தனை கூடியிருக்கிறது. நான் பேருந்தில் போய் அன்றே திரும்பக்கூடிய தொலைவில் அதன் சேவை மையம் இருக்க வேண்டும்.

14 செப்டம்பர், சனி

இன்று கடைக்குப் போய்க் கையிலெடுத்துப் பார்த்தேன். ஒன்பிளஸ் 12ஆர், சாம்சங் கேலக்ஸி ஏ55 இரண்டுக்கும் அறிமுக விலை 39,999. கூகுள் பிக்சல் 8ஏ 52,999க்கு வந்தது. விழாக்காலத் தள்ளுபடியில் நமக்கு எட்டும் விலைக்கு வரும் என்கிறார்கள். நத்திங் ஃபோன் 2ஏ 23,999. 2023 பிப்ரவரியில் 74,999க்கு வந்த சாம்சங் எஸ்23உம் இப்போது வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

கடைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து, “மேடம், இதுல செல்ஃபி பாருங்க, ஸ்கின் எவ்ளோ ஸ்மூத்தா வருது” என்று காட்டினான். அந்த மழமழப்புத்தான் எனக்கு வேண்டாம் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? கைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தையும் பேனா அளவுள்ள டார்ச்சையும் எடுத்தேன். நாணயத்தைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி எல்லாக் கைபேசியாலும் எடுத்தேன். நாணயத்தின் மேட்டிலிருந்து விழும் நிழல், கல்வெட்டுக் குழியின் நிழலைப் போலவே நடந்துகொள்ளும். பெரிதாக்கிப் பார்த்தபோது ஏ55இன் படத்தில் மேடுகளைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டியிருந்தது. பிக்சலில் நிழல் இயல்பாக இருந்தது. 12ஆர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. எஸ்23இல் முதலில் எடுத்தது ஏ55ஐப் போலவே இருந்தது. ரா முறைக்கு மாற்றி எடுத்ததும் கரை காணாமல் போய்விட்டது. பையன் குனிந்து இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “ரெண்டும் ஒரே ஃபோனா மேடம்?” என்று கேட்டான்.

கடைக் குழல்விளக்கின் கீழ் எடுத்தது என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்று ஒருவருக்குத் தனியாக எழுதிய பதிலில் எஸ்23க்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பு உண்டு என்று சொல்லிவிட்டேன். அது தவறு. சாம்சங்கின் ஏழாண்டு வாக்குறுதி 2024 ஜனவரியில் வந்த எஸ்24இலிருந்துதான் தொடங்குகிறது. எஸ்23க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. அதாவது 2028 தொடக்கம் வரை. ஏ55க்கும் இதே நான்கும் ஐந்தும்தான், ஆனால் அது 2024 மார்ச்சில் வந்ததால் ஓராண்டு கூடுதலாக ஓடும். 12ஆருக்கு மூன்று பதிப்புகள், நான்காண்டுப் பாதுகாப்பு. பிக்சல் 8ஏ இந்த வகையில் எல்லாரையும் தாண்டி நிற்கிறது. 2031 வரை ஏழாண்டு முழுக்கக் கிடைக்கும். ஆண்டுக்கணக்கை மட்டும் பார்ப்பவர் யோசிக்காமல் அதை வாங்கலாம்.

இன்னொன்று, எடையையும் பாருங்கள். ஏ55 213 கிராம், எஸ்23 168 கிராம். குந்தி உட்கார்ந்து, ஜகதியில் (கோயில் அடித்தளத்தின் கீழ்ப்படையில்) முழங்கால் உயரத்தில் இருக்கும் வரிகளை ஒரு கையில் கைபேசியும் மறு கையில் டார்ச்சுமாக இரண்டு மணி நேரம் எடுப்பவருக்கு இந்த 45 கிராம் மணிக்கட்டில் தெரியும்.

16 செப்டம்பர், திங்கள்

தமிழில் தட்டச்சு செய்ய எது நல்லது என்று கேட்டவருக்கு: அதை வைத்துக் கைபேசியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஜீபோர்டு எல்லா ஆண்ட்ராய்டிலும் ஓடும். முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற செயலியும் ஓடும். அதில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் உண்டு. ஸ, ஹ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் குறைவில்லை.

நமக்கு வேண்டிய வேறொன்றை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறியீடுகளும் பழைய அளவைக் குறிகளும் 2019இல் வந்த யூனிகோடு 12.0இல் தமிழ்த் துணைநிரல் என்ற பகுதியாகச் சேர்ந்துவிட்டன. மொத்தம் 51 குறிகள். குறியேற்றம் வந்துவிட்டது என்பதற்காகக் கைபேசியில் எழுத்துரு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. என் பழைய கைபேசியில் அவை வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தன. களத்தில் நின்று வாசகத்தைப் படியெடுக்கும்போது, வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் மா என்ற குறி கட்டமாகத் தெரிந்தால், சரியாகத்தான் அடித்தோமா என்று பார்க்க வழியில்லாமல் போகிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. 200 மெகாபிக்சலால் பயனே இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தேன். தங்கை மகன் அந்த ரெட்மிதான் வைத்திருக்கிறான். நேற்று அதை வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் வீட்டில், கொல்லைப்புறத்து அம்மிக்கல்லில். போன மாதம்தான் கொத்த வைத்தோம், உளிக் கொத்து இன்னும் புதிதாக இருக்கிறது. காலை எட்டு மணிச் சாய்வெயிலில் வழக்கமான முறையிலும், 200 மெகாபிக்சலை முழுதாக எடுக்கும் முறையிலும் எடுத்தேன். வழக்கமான படத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொத்துகள் இரண்டு மூன்று ஒன்றாகக் குழைந்திருந்தன. முழு முறைப் படத்தில் ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாக, அடிக்குழியில் தங்கியிருந்த மஞ்சள்வரை தெரிந்தது. நல்ல வெயில் இருந்து, கையும் அசையாமல் இருந்தால் அந்த முறை உண்மையாகவே கூடுதல் விவரம் தருகிறது. முழுச் சுவரையும் ஒரே படமாக எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வரி வரியாகப் பெரிதாக்கிப் படிக்க நினைப்பவருக்கு அது உதவும்.

பின்னர் அதே கல்லைச் சமையலறைக் கதவோரத்து நிழலுக்கு நகர்த்தினோம். அங்கே முழு முறைப் படம் மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. வழக்கமான முறை அந்த மணலை அகற்றும் வேலையில் கொத்துகளையும் சேர்த்து அழித்திருந்தது. நம் கோயில்களில் வெயில் நேராகப் படும் சுவரைவிடப் பிற்கால மண்டபத்துக்குள் அடைபட்டுப்போன சுவர்களே அதிகம் என்பதால் என் முடிவு மாறவில்லை. காரணத்தைத்தான் அரைகுறையாகச் சொல்லியிருந்தேன்.

23 செப்டம்பர், திங்கள்

அம்மிக்கல்லைப் பற்றி எழுதியதும், கல்வெட்டில் சாக்கட்டித் தூளோ விபூதியோ பூசினால் எந்தக் கைபேசியிலும் எழுத்து பளிச்சென்று விழுமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தூள் நுண்துளைகளில் தங்கிவிடும். அடுத்து வருபவர் அதைத் துடைக்கத் தேய்ப்பார். ஆயிரம் ஆண்டு நின்ற விளிம்பு அந்தத் தேய்ப்பில் போய்விடும். எண்ணெயும் வேண்டாம். கல்லைத் தொடாமல் ஒளியை மட்டும் நகர்த்தியே எல்லாவற்றையும் செய்ய முடியும்.

கைபேசியை உள்ளே கொண்டுபோவதும் இப்போது எளிதில்லை. கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. செயல் அலுவலரிடம் முன்னதாகவே கடிதம் கொடுத்து, எந்தச் சுவர், எந்த நாள், எதற்காக என்று எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறைதான் மறுத்தார்கள். அந்த மறுப்பையும் நான் குறை சொல்லமாட்டேன்.

28 செப்டம்பர், சனி

விழாக்கால விற்பனை தொடங்கிவிட்டது. எஸ்23 நாற்பதாயிரத்துக்குக் கீழே வந்ததும் வாங்கிவிட்டேன்.

வாங்கிய காரணங்கள்: மூன்று மடங்கு ஜூமுக்கெனத் தனி லென்ஸ், எக்ஸ்பர்ட் ரா என்ற செயலி, கோப்புகளைக் கணினிக்கு வேகமாக மாற்றும் யூஎஸ்பி 3.2. இந்த மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. ஏ55இலும் 12ஆரிலும் இருப்பது யூஎஸ்பி 2.0தான். ரா கோப்பு ஒவ்வொன்றும் ஜேபெக் படத்தைவிடப் பல மடங்கு பெரியது. நூற்றைம்பது படத்தோடு வீடு திரும்புபவருக்கு அந்த வேறுபாடு இரவுத் தூக்கத்தில் தெரியும்.

இழந்தவையும் உண்டு. பேட்டரி 3,900 எம்ஏஎச்தான், 12ஆரில் 5,500 இருக்கிறது. ஏ55இல் நினைவக அட்டை போடலாம். இதில் முடியாது, 128 ஜிபியோடு காலம் தள்ள வேண்டும். மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோவும் இதில் இல்லை, ஏனென்றால் இதன் அகலக் கோண லென்ஸ் குவியத்தை மாற்றிக்கொள்ளாது.

பிக்சல் 8ஏவை விட்டதில் எனக்கு இன்னும் அரை மனசுதான். ரா கோப்பு அதிலும் கிடைக்கிறது, நிழலை அதுதான் எல்லாவற்றையும்விட நேர்மையாகக் கையாண்டது. தனி ஜூம் லென்ஸ் இல்லை என்ற ஒன்றுக்காகவும், சேவை மையம் எனக்குத் தொலைவு என்பதற்காகவும் விட்டேன்.

6 அக்டோபர், ஞாயிறு

முதல் களப்பயணம். வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்தக் குறிப்பை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அதிட்டானத்தின் (கோயில் அடித்தளத்தின்) குமுதப்படையில் இருந்த வரிகளை எடுத்தேன். அங்கே குமுதம் உருண்டையாகப் புடைத்திருக்கும் படை. கிட்டே நின்று சாதாரண அகல லென்ஸால் எடுத்தால் நடுவிலுள்ள எழுத்து பெருத்து, மேல் கீழ் எழுத்துகள் சுருங்கிப் பின்னால் ஓடிவிடும். நாலைந்தடி எட்ட நின்று மூன்று மடங்கு லென்ஸால் எடுத்தால் எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும். எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிக்க முயல்பவர்களுக்கு இந்த உருவ ஒழுங்கு மிகவும் தேவை. எனவேதான் ஜூம் லென்ஸ் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவந்தேன்.

மண்டபத்தின் உட்புறம் போனதும் படம் திடீரென்று மழுங்கத் தொடங்கியது. திரையில் மூன்று மடங்கு என்றுதான் காட்டுகிறது. ஐயம் வந்து, மூன்று லென்ஸில் ஜூமுக்கானதை மட்டும் விரல் நுனியால் மூடினேன். திரை இருளவில்லை, சுவர் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. ஒளி குறைந்ததும் கைபேசி எனக்குச் சொல்லாமலேயே முதன்மை லென்ஸுக்கு மாறி, அந்தப் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய லென்ஸ், தேவைப்பட்ட இடத்தில் வேலையே செய்யவில்லை.

தீர்வு இருக்கிறது. சாம்சங்கின் கேமரா அசிஸ்டென்ட் என்ற துணைச் செயலியை இறக்கினால், லென்ஸ் தானாக மாறுவதை அணைத்துவிடலாம். படத்தின் கூர்மையைத் தணிக்கும் தேர்வும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் எந்த நிறுவனத்தின் ஜூம் லென்ஸ் கைபேசியை வாங்கினாலும் மங்கிய இடத்தில் இந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

7 அக்டோபர், திங்கள்

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. கைபேசி படத்தில் இல்லாததைச் சேர்க்கவும் செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 மார்ச்சில் எழுந்த நிலாச் சர்ச்சை நினைவிருக்கலாம். ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, எட்ட நின்று சாம்சங் கைபேசியால் எடுத்தார். மங்கலான மூலத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்தன. நிலா என்று அடையாளம் கண்டால் விவரத்தை மேம்படுத்தும் ஏற்பாடு இருப்பதை நிறுவனமும் விளக்கியது. வட்டெழுத்தையோ கிரந்தத்தையோ எந்தக் கைபேசியும் இன்று அப்படி அடையாளம் காண்பதில்லை, ஆனால் விளிம்பைக் கூர்மையாக்கும் வேலை மட்டுமே கல்லின் பொரிவை எழுத்தின் கோடாகக் காட்டப் போதுமானது. பழைய கல்வெட்டுகளில் ‘ர’வும் காலும் ஒரே வடிவம், புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஏற்கெனவே ஐயத்துக்கு இவ்வளவு இடம் உள்ள எழுத்தில் கேமராவும் தன் பங்குக்குக் கை வைக்கக் கூடாது.

1 நவம்பர், வெள்ளி

தீபாவளி நேற்றோடு முடிந்தது, மழை விடவில்லை. நனைந்த விரலிலும் எஸ்23இன் கைரேகைப் பூட்டு திறக்கிறது, அது மீயொலியால் வேலை செய்வது. ஏ55, 12ஆர், 8ஏ மூன்றிலும் இருப்பது ஒளியால் படிப்பது. அத்தையின் தேய்ந்த விரலுக்கு என் பழைய கைபேசியில் அந்த வகை திறக்கவே இல்லை. வீட்டில் முதியவருக்கு வாங்குபவர்கள் கடையிலேயே அவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரி நான் பயந்ததைவிட மோசம். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து, இருப்பிடப் பதிவோடு ரா படங்கள் எடுத்தால் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் இருபது விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. பையில் பவர் பேங்க் இல்லாமல் கிளம்புவதில்லை. 12ஆர் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

2 நவம்பர், சனி

ஒரு வேண்டுகோள். நம் வாசகர் குழுவில் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறீர்கள். அது சுருக்கி அனுப்புகிறது, எடுத்த இடத்தின் பதிவையும் நீக்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எந்த ஊர்க் கோயில் என்றே தெரியாமல் என்னிடம் நாற்பது படங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்தவர்களுக்கே இப்போது நினைவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

‘ஜூம் லென்ஸ் இல்லாத கைபேசியை வாங்க மாட்டேன்’ என்று செப்டம்பர் 8இல் எழுதியதை இன்று திருத்துகிறேன்.

ஆறு வாரத்தில் ஏறத்தாழ எழுநூறு படங்கள் எடுத்திருக்கிறேன். நேற்று உட்கார்ந்து, வாசிக்கப் பயன்பட்டவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சுவர்களில் ஜூம் லென்ஸ் வென்றது. குமுதத்தில் அதற்கு ஈடே இல்லை. மண்டபத்தின் உள்ளேயோ, முதன்மை லென்ஸால் இரண்டடியில் நின்று எடுத்த ரா படங்களே பெரும்பாலும் வாசிக்க உதவின. ஜூமுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் சிறியது, 10 மெகாபிக்சல். இருளில் அது தடுமாறுகிறது. லென்ஸ் தானாக மாறுவதை அணைத்துவிட்டு ஜூமிலேயே பிடிவாதமாக எடுத்த படங்கள் மாறிக்கொண்டு எடுத்தவற்றைவிடச் சில இடங்களில் மோசமாகவே இருந்தன. அதாவது கைபேசி அன்று செய்தது முழுத் தவறில்லை; என்னைக் கேட்காமல் செய்ததுதான் தவறு.

எனவே மண்டபத்துக்குள் அடைபட்ட கல்வெட்டுகளே உங்கள் வேலையென்றால் பிக்சல் 8ஏவோ 12ஆரோ உங்களை ஏமாற்றாது. பாதச்சுவரும் (அடித்தளத்துக்கு மேல் எழும் சுவர்) அதிட்டானமும் திறந்த வெளியில் நிற்கும் கோயில்கள் என்றால் ஜூம் உள்ளதை வாங்குங்கள். நான் என் ஊர்ப் பக்கத்துக் கோயில்களை மனத்தில் வைத்து எல்லாருக்கும் சட்டம் போட்டுவிட்டேன்.

29 டிசம்பர், ஞாயிறு

மார்கழி. ‘மு’வா ‘மூ’வா என்று உறுத்திய அந்த வடசுவருக்கு நேற்று மீண்டும் போனேன். காலை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன், உச்சி நேரம்வரை தென்சுவர் எழுத்துகள் தட்டையாகவே கிடந்தன. குருக்கள் நடை சாத்தப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, “இப்போ எடுத்து என்ன பண்ணப் போறேள்? சாயங்காலம் நாலரைக்கு வாங்கோ, வெயில் சாஞ்சா எழுத்து தானே எழுந்து வரும்” என்றார். நாலரைக்குப் போனேன். மேற்கிலிருந்து சுவரை ஒட்டினாற்போல் வெயில் வழிந்தது. காலையில் நான் வெறும் பொரிவு என்று விட்டுவிட்ட இடத்தில் இரண்டு முழு வரிகள் நின்றன. அதே கைபேசி, அதே லென்ஸ்.

ஆனால் எனக்கு வேண்டியது வடசுவர். சோழநாட்டு அகலாங்கில் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருப்பதால், ஐப்பசி முதல் மாசிவரை வடசுவரில் வெயில் விழுவதே இல்லை. அங்கே நாமே வெயிலாக வேண்டும். இருட்டும்வரை காத்திருந்து, உடன் வந்த தங்கை மகனிடம் டார்ச்சைக் கொடுத்துச் சுவரோடு சுவராகப் பிடிக்கச் சொன்னேன். கைபேசியைச் சிறிய முக்காலியில் நிறுத்தி, குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, டார்ச்சை மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று நகர்த்தி ஒரே வரியைப் பதினாறு முறை எடுத்தோம். டார்ச் விலை முந்நூற்றைம்பது ரூபாய். படங்களை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

19 ஜனவரி 2025, ஞாயிறு

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் 12ஆர் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன், ஆவணமாகவே அனுப்பியிருந்தார். நன்றாக இருக்கின்றன. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், ஐயா: கைபேசியிலேயே இருக்கும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராகப் பாயும் அந்த ஒளி எல்லா நிழலையும் கொன்றுவிடும். மீதிப் பணத்தில் ஒரு டார்ச்சும் முக்காலியும் வாங்குங்கள்.

அன்று வடசுவரில் எடுத்த பதினாறு படங்களையும் பொங்கல் விடுமுறையில் கணினியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினைந்தில் அந்த எழுத்து ‘மு’வாகவே நின்றது. இடப்பக்கம் கீழிருந்து ஒளி பாய்ந்த ஒன்றில் மட்டும், எழுத்தின் வலது அடியில் அரிசி நீளத்துக்கு ஒரு குழி, அதற்கொரு நிழல். பொரிவாக இருக்குமோ என்று ரா கோப்பைத் திறந்து பார்த்தேன். பொரிவின் விளிம்பு கிழிந்திருக்கும், இதன் விளிம்பு உளி போன தடமாக வழவழவென்று வளைந்திருந்தது. பிறகு பழைய கைபேசியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம் சந்தனம் பூசியதுபோல் மெழுகிக் கிடந்தது.

குறிப்பேட்டில் ‘முதற் கண்ணாற்று’ என்பதை அடித்துவிட்டு ‘மூன்றாங் கண்ணாற்று’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்து வரும் சதிரத்தின் எண் இன்னும் பிடிபடவில்லை. சித்திரை பிறந்த பிறகு வடசுவரில் காலை வெயில் விழத் தொடங்கும். அப்போது போய் மறுபடியும் எடுப்பேன்.